ஊஞ்சல் கேட்டு வந்த போன்

மதுரை,
16.11.2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூரில் இருக்கப் போகிறீர்கள் என்பது எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. அண்ணனின் முழங்கால் இருக்கும் நிலைக்கு அந்த மாடிப்படி இனி ஆகாது. ஆனால் அத்தை உட்கார்ந்து வெற்றிலை மடித்த ஊஞ்சலை விற்க விளம்பரம் கொடுத்ததையும், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி, பணம் வர கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னவனின் போனையும் பற்றிப் படித்ததும் கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீ பாதியிலேயே போனை வைத்தது மிகவும் சரி. “நிஜமாகவே ராணுவத்தில் இருப்பவராக இருந்தால் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்” என்று இன்னும் வருந்துகிறாயே, அந்த வருத்தத்தை முதலில் விடு.

அவன் ராணுவத்தான் இல்லை வசந்தா. நீ எழுதியிருப்பதை வைத்தே சொல்கிறேன். தேக்கு ஊஞ்சல் வாங்க நினைப்பவர் என்னென்ன கேட்பார்? ஒரே பலகையா, ஒட்டுப் போட்டதா? நீளம் அகலம் என்ன? சங்கிலி பித்தளையா, இரும்பா? கொக்கியும் சேர்த்துத் தருவீர்களா? எல்லாம் கேட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார். இவன் எதையுமே கேட்கவில்லை. நீ சொன்ன விலைக்கு அப்படியே ஒப்புக்கொண்டான். பொருளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் பணம் அனுப்புவதற்கு மட்டும் பறக்கிறவன் உன் வங்கிக் கணக்கைக் குறிவைத்து வந்தவன்.

“மாற்றல் ஆகியிருக்கிறது, நேரில் வர முடியாது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்பது நாடு முழுவதும் பல ஆண்டுகளாக ஒரே மாதிரி ஒப்பிக்கப்படும் வசனம். சீருடைப் படமும் அடையாள அட்டையும் யாரோ ஓர் உண்மையான வீரருடையதைத் திருடியதாக இருக்கும், அல்லது கம்ப்யூட்டரில் தயாரித்ததாக இருக்கும். என் சித்தப்பா மகன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன், உனக்கும் தெரியும். பழைய சாமான் வாங்குவதற்காக முன்பின் தெரியாதவருக்கு அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பும் வீரன் கிடையாது என்று அவன் அடித்துச் சொல்கிறான். சீருடைமேல் நமக்கு இருக்கும் மரியாதையை வைத்தே நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருந்தாய். திரையில் தொகை தெரியும், அடுத்து ரகசிய எண்ணைக் கேட்கும். எண்ணைப் போட்டதும் உன் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். யுபிஐயில் பணம் வாங்குகிறவருக்கு ஸ்கேன் செய்யும் வேலையும் இல்லை, ரகசிய எண் போடும் வேலையும் இல்லை. இரண்டுமே கொடுக்கிறவர் செய்வது. முதலில் ஐந்து ரூபாய் அனுப்பிக் காட்டினான் என்றாயே, அது உண்மையிலேயே வந்த பணம்தான். “பார்த்தீர்களா, வந்துவிட்டது” என்று உன்னை நம்பவைக்க அவன் போட்ட முதல். முன்பெல்லாம் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, “இதை அழுத்தினால் உங்களுக்குப் பணம் வரும்” என்று அழுத்தவைப்பார்கள். தனிநபர்கள் தங்களுக்குள் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை யுபிஐயை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. நல்ல காரியம் செய்தார்கள். ஆனாலும் கியூஆர் கோடு அனுப்பி ஏமாற்றும் வழி இன்னும் அடைபடவில்லை.

இன்னொருவன் குறுஞ்செய்தியோடு வருவான். “உங்கள் கணக்கில் 50,000 ரூபாய் வரவு” என்று செய்தி வரும். உடனே போன் செய்து, 5,000க்குப் பதிலாக ஒரு சைபர் கூடிவிட்டது, மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழுவான். வங்கிச் செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. வங்கியின் சுருக்கப் பெயரில் வரும். 2025 முதல் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கிறது: பணப் பரிமாற்றத்துக்கு டி (T), சேவைக்கு எஸ் (S), விளம்பரத்துக்கு பி (P), அரசுச் செய்திக்கு ஜி (G). இருந்தாலும் செய்தியை நம்பாதே, ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதே. வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார். இருப்பு கூடியிருந்தால்தான் பணம் வந்ததாக அர்த்தம். நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தாலும் நீயாகத் திருப்பி அனுப்பிவிடாதே. உன் வங்கியிடம் சொல், வந்த வழியிலேயே அவர்கள் திருப்பட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வந்த பணமே திருட்டுப் பணமாக இருக்கலாம். எங்கள் அடுத்த தெருவில் பழைய கேமராக்கள் வாங்கி விற்கும் பையன் ஒருவன் இருக்கிறான். நேரில் வந்து ஒருவன் கேமராவைப் பார்த்தான், பணத்தை அனுப்பினான், வாங்கிக்கொண்டு போனான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சில வாரம் கழித்துப் பையனின் கணக்கு முடக்கப்பட்டது. எங்கோ வடமாநிலத்தில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் கைமாறிக் கைமாறி இவன் கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த ஊர் சைபர் போலீசார் வங்கிக்கு எழுதி நிறுத்திவைத்துவிட்டார்கள். விற்ற ரசீதும் வாங்கியவனோடு பேசிய வாட்ஸ்ஆப் செய்திகளும் இருந்ததால் மெல்ல மெல்ல மீண்டான். அவன் அம்மா அந்த நாட்களில் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஆகவே ஊஞ்சலை யாருக்கு விற்றாலும் ஒரு வெள்ளைத்தாளிலாவது பெயர், முகவரி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்.

என் வியாபாரத்தைக் கேட்டிருந்தாய். இணையத்தில் விற்கும் சுங்குடிப் புடவை நன்றாகப் போகிறது. தீபாவளிக்கு வந்த ஆர்டர்களை முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் திரும்பி வரும் பார்சல்கள்தான் மனதை அறுக்கின்றன. போன மாதம் ஒரு புடவை திரும்பி வந்தது. “நிறம் பிடிக்கவில்லை, உடுத்தவில்லை” என்று எழுதியிருந்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில், முடிச்சு அவிழ்த்த இடமெல்லாம் துணி சிறு சிறு குமிழாக எழும்பி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். இந்தப் புடவையில் அவை அனைத்தும் இஸ்திரியில் படிந்து தட்டையாகிப் போயிருந்தன. கீழ்க்கரையை வெளிச்சத்தில் பிடித்தேன். வரிசையாக ஊசித் துளைகள்! ஃபால்ஸ் தைத்து, உடுத்தி, பிரித்து எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். முந்தானையில் யாரோ தெளித்த பன்னீர் வாசம் போகவே இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறது. முடிச்சுப் போட்ட அம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அவர் பல நாள் உட்கார்ந்து செய்த வேலை அது. படங்களோடு முறையிட்டேன். விற்பனைத் தளம் வாங்கியவர் பக்கமே நின்றது, பணம் அவருக்குப் போய்விட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குகிறவருக்காக எழுதப்பட்டது. 2019 சட்டமும் அப்படித்தான். விற்ற நான் வாங்கியவர்மேல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக முடியாது. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஒரு புடவைக்காக யார் அலைவது? வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் 2008இல், வாங்குவோரைப் பற்றி மோசமான மதிப்பீடு எழுதும் உரிமையை விற்பவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. குறை சொன்ன நல்ல வாடிக்கையாளரை விற்பவர்கள் பதிலுக்குத் தாழ்த்தி எழுதிப் பழி தீர்த்துக்கொண்டதே காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லும் வாடிக்கையாளரால் விற்கிறவர் படும் நஷ்டத்தையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டாமா? எங்களைப் போல வீட்டிலிருந்து விற்கும் பெண்களுக்கு ஒரு புடவை போனால் பத்துப் புடவையின் லாபம் போன மாதிரி.

இப்போது முந்தானையில் நூலால் ஓர் அட்டை கட்டி அனுப்புகிறேன், அதை அறுத்தால் திரும்பப் பெறுவதில்லை. புடவையை விரித்துக் காட்டி, மடித்து, ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்கிறேன். திரும்பி வரும் பார்சலைப் பிரிப்பதும் அப்படியே. இதனால் நல்லவர்களிடம் முகம் சுளிக்க நேர்ந்துவிடுமோ என்று பயந்தேன். நேரவில்லை. ஓசூரில் ஒரு ஆசிரியை இருக்கிறார். சாயம் போகுமா, எந்த உப்பில் அலச வேண்டும், ஓரத்தில் கறை மாதிரி தெரிகிறதே என்று நூறு கேள்வி கேட்பார். முதலில் இவர் வம்புக்காரரோ என்று தோன்றியது. இன்று என் பெரிய வாடிக்கையாளர் அவர்தான்.

ஊஞ்சலுக்கு வருகிறேன். நேரில் வந்து பார்ப்பவருக்கு மட்டும் கொடு. மகன் ஊருக்கு வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை பகலில் வரச் சொல். விளம்பரத்தில் வீட்டு எண்ணைப் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடு. உன் பணம் போகவில்லை என்றாலும் அந்தப் போன் எண்ணைச் சும்மா விடாதே. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ‘சக்ஷு’ என்றொரு பகுதி 2024 மார்ச்சில் தொடங்கியிருக்கிறார்கள், சந்தேக அழைப்புகளை அங்கே தெரிவிக்கலாம். மகனை வைத்துச் செய். பணமே போயிருந்தால் அழைக்க வேண்டியது சைபர் மோசடி உதவி எண் 1930. அதற்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும். அண்ணனிடமும் சொல்லிவை.

சாந்தியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், திண்டுக்கல்லில். உனக்கும் பத்திரிகை வரும். வா, ஒரு நாள் என்னோடு தங்கிவிட்டுப் போகலாம். உன் பட்டியலில் கால் மிதித் தையல் மெஷினும் இருந்ததே, அது இன்னும் போகவில்லை என்றால் யாருக்கும் கொடுத்துவிடாதே. என் நாத்தனார் கேட்கிறாள். விலையை எழுது, அவளையே திருச்சிக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோமதி