கேஷ் ரெண்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று ஞாயிறு இணைப்பில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றிலும் வழக்கில்லை. நாலாவதாகக் 'காசுதான் கேஷ் ஆயிற்று' என்று ஒரே வரியில் முடித்துவிட்டதுதான் இடிக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியென்றால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். அச்சில் வந்துவிட்டது, நானோ கேஷ் கவுண்டரிலேயே உத்தியோகத்தை முடித்தவன்.

கடையில் 'கேஷா, ஜிபேயா?' என்கிறார்களே, அந்தக் கேஷ் ஐரோப்பியச் சரக்கு. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. இத்தாலிக்காரர் வாயில் அது 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அது பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளே இருந்த பணத்தையும் குறித்தது. போகப் போகப் பெட்டி கழன்றுகொண்டது, பணம் நின்றது. சூட்கேஸில் இருக்கும் கேஸ், மருந்துக்கடைக் கேப்ஸ்யூல் எல்லாம் அந்தக் காப்ஸாவின் வாரிசுகளே. கோர்ட் கேஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'விழுதல்' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. வக்கீலின் சூட்கேஸுக்குள் கேஸ் கட்டு இருந்தால் இரண்டு கேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ராணுவ அதிகாரியைப் பதவி பறித்து விரட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றொரு வினைச்சொல் உண்டு. டச்சு வழி வந்த அதற்கும் கல்லாவுக்கும் சம்பந்தமில்லை. (இதைக் கேட்டு எந்தக் கேஷியரும் சிரித்து நான் பார்த்ததில்லை.)

அப்படியானால் நம் காசு போகவே இல்லையா? போயிருக்கிறது, ஆனால் வேறு ஆளாக. அதே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு. கீழ்த்திசை நாடுகளின் சில்லறை நாணயத்துக்கு அது பெயர். நம் காசைப் போர்த்துக்கீசியர் 'கைஷா' என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்த்துக்கீசிய மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அதுவும் காப்ஸாவிலிருந்து வந்ததே. ஊர் பேர் தெரியாத நம் காசுக்கு அவர்கள் தங்களுக்குப் பழகிய சட்டையை மாட்டிவிட்டார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி இந்தக் காசு வழியை விளக்கியிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் எங்கள் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். காசுக்கே மூலம் 'கர்ஷ' என்ற வடமொழி எடைப்பெயர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பஞ்சாயத்தை இங்கே இழுக்கவில்லை. ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடிவிட்டார். வாசி என்பது மட்டமான நாணயத்துக்குப் பிடிக்கும் வட்டம், அதாவது கழிவு. கொடுத்த காசு மட்டம், நல்ல காசாகக் கொடு என்று சுவாமியிடமே கேட்டவர் அவர். கவுண்டரில் கிழிந்த நோட்டை நீட்டியவர்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்தப் பதிகத்தின் மேல் தனிப் பிரியம்.

1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை சென்னை ராஜதானியில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். அதாவது வராகனுக்கு 3,360 காசு. இதை வைத்துக்கொண்டு சாயங்காலம் டேலி பார்த்த கணக்குப்பிள்ளைகளுக்குக் கோயிலே கட்டலாம். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் செம்புக் காசுகளைப் பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. 1803ஆம் வருஷத்து 20 கேஷ் நாணயத்தில் ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். இந்தக் கேஷ் முழுக்க முழுக்க நம்முடையது. 1808ஆம் வருஷம் பொறித்த காசுகளோடு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கில் அவற்றை வெளியே எடுத்தார்கள். நாணயம் சேர்ப்பவர்களிடம் இப்போதும் கைமாறுகின்றன.

இன்னும் தூரம் போனதும் இதே கேஷ்தான். நடுவில் சதுர ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைக்கும் சீனச் செம்பு நாணயத்துக்கு ஆங்கில நாணயப் பட்டியல்களில் இன்றைக்கும் 'கேஷ்' என்றுதான் பெயர். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் நாணயத்துக்கு நம் பெயரைப் போர்த்துக்கீசியர் ஒட்டினார்கள், ஆங்கிலேயர் அதையே நிலைக்க வைத்தார்கள். பெருமை பேசுவதென்றால் இதைப் பேசலாமே! இத்தாலிக்காரன் பெட்டிக்கு எதற்குப் பட்டா கேட்க வேண்டும்?

திருத்தம் போடுவதாக இருந்தால், அந்தக் கட்டத்தில் விட்டுப்போன 'ஃபனம்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அது நம் பணமேதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
தஞ்சாவூர்.