ஒண்ணுமில்லப்பா

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். என்ன ஆச்சு என்று நான் கேட்கவே இல்லையே, ஒண்ணுமில்ல என்று ஏன் ஆரம்பித்தாய்? போனை வைத்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தையை உனக்குப் பழக்கியதே நான்தான். உனக்கு ஒன்பது வயதில் நாய்க்குட்டி செத்துப்போனது. படியில் உட்கார்ந்து சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாய், சத்தம் வெளியே வந்துவிடக் கூடாதென்று. சற்று முன்புதான் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று அதட்டியிருந்தேன். ராத்திரி அம்மா அந்தச் சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் போனாள். காலர் நனைந்து நைந்திருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

அடக்கினால் அடங்கிவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆய்வுக்கு வந்தவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வெறும் கரடிக்கே இந்தப் பாடு.

நீ கல்லூரியில் இருந்தபோது எனக்கு வேலை போனது தெரியும். அதற்குப் பின் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். மூன்றரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிடித்த பாட்டுகூட யார் வீட்டிலோ ஓடுவதுபோல இருக்கும். துக்கம் என்றும் சொல்ல முடியாது, எதுவும் மனதில் ஒட்டவில்லை. அம்மா கேட்டால் நானும் ஒண்ணுமில்ல என்பேன். நான்கு மாதம் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மனசு சரியில்லாமல் போவது எல்லாருக்கும் உண்டு என்றார் அவர். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி அப்படியே இருந்து, தூக்கமும் பசியும் வேலையும் கெட்டால், தானாகச் சரியாகட்டும் என்று விடக் கூடாதாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றும் சொன்னார். நான் பத்தாம் நாளே நிறுத்தப் பார்த்தேன், அம்மா விடவில்லை. ஐந்தாவது வாரமோ என்னவோ, ஒருநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். விடியும்வரை தூங்கியிருக்கிறேன்! அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

உனக்கும் அதேதான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் உன் மெசேஜ் எல்லாம் இப்போது விடிகாலை நான்கு மணிக்கு வருகிறது. நண்பர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். அதனால் நேராகவே கேட்கிறேன்: இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றியதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. தோன்றியிருந்தால் மணி பார்க்காமல் உடனே கூப்பிடு.

இல்லையென்றாலும் சரி, இந்த வாரம் ஒரு மருத்துவரைப் பார். துணை வேண்டுமென்றால் முந்தைய நாளே கிளம்பி வந்துவிடுகிறேன். நீ உள்ளே போய்ப் பேசு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன்.

அப்பா