ஹுவா ஹின்னுக்கு அக்டோபர் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

மறுபடியும் தாய்லாந்தின் கடற்கரை ஊரான ஹுவா ஹின் போகலாம் என்று இருக்கிறீர்கள், அக்டோபரில் ஓட்டல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

சீசன் இல்லாத காலம் என்று மே முதல் அக்டோபர் வரை ஒரே கட்டாகச் சொல்லிவிடுவார்கள். அது ஒரே காலம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றை மியான்மர் எல்லையில் நிற்கிற தெனாசெரிம் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஹுவா ஹின்னுக்கு மிச்சம்மீதிதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிற நம் ஊர்கள் ஆடியில் இருப்பது போலத்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் பிற்பகலில் கறுத்துக்கொண்டு வரும், ஒரு பாட்டம் பெய்யும், விட்டுவிடும். செப்டம்பர் போகப் போகத்தான் மழை வலுக்கும். அக்டோபரும் நவம்பரின் முன்பாதியும் அங்கே அடைமழைக் காலம். ஐப்பசி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். பெட்கசேம் சாலையை ஒட்டிய தாழ்வான சோய்களில், அதாவது சந்துகளில், தண்ணீர் கட்டும். அதே நேரம் கடல் ஏற்றமும் சேர்ந்தால் சாக்கடைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். ஆகையால் ஜூன் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் முடிவதற்குள் தேதி பார். விலை அப்போதும் குறைவுதான்.

கடல் விஷயத்தை ஆட்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஜனவரிக் கடல் கலங்கி, அலையடித்து, பல நாள் சிவப்புக் கொடியோடு இருந்ததே, அது வடகிழக்குக் காற்று நேரே கரையில் மோதுவதால். பட்டம் கட்டிப் பலகையில் சறுக்குகிறவர்கள் அந்த மாதங்களில் வருவதும் அதற்காகத்தான். ஜூலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். குழந்தையை இறக்க அதுதான் நல்ல கடல். ஆனால் அந்தக் காற்றுதான் ஆபத்தும். ஊதி மிதக்கவிடுகிற வாத்து, மெத்தை எதையும் பொடியனுக்கு வாங்கிக் கொடுக்காதே. சத்தமில்லாமல் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அலை இல்லாததால் கரையில் இருக்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

அடுத்தது கடலின் ஏற்ற இறக்கம். நாளுக்கு இரண்டு ஏற்றம் என்கிற நம்மூர்க் கணக்கு அங்கே சரிவராது. பல நாட்களில் ஒரே ஒரு பெரிய ஏற்றம்தான். அது எந்த நேரம் என்று தெரியாமல் நடக்கக் கிளம்பினால், ஊர் நடுப் பகுதியில் மணலே இருக்காது, ஓட்டல் சுவரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை போடுகிற ஏற்ற இறக்க அட்டவணையில் முதல் நாள் இரவே பார்த்துவிட்டு, தாழ்வுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பு. இன்னொன்று: தாய்லாந்து வளைகுடாவின் நீர்மட்டமே ஆண்டு நடுவில் தாழ்ந்தும் நவம்பர் முதல் ஜனவரி வரை உயர்ந்தும் இருக்கும். அதனால் ஜூலையில் கரை அகலமாகவே இருக்கும். (தாய்லாந்து முழுக்க மலை உயரங்களை எந்த மட்டத்திலிருந்து அளக்கிறார்கள் தெரியுமா? அதே மாகாணத்தில் தெற்கே இருக்கிற கோ லக் தீவில் எடுத்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து.) ஊருக்குப் பெயர் கொடுத்த பாறைகள், ஹுவா என்றால் தலை, ஹின் என்றால் கல், ஏற்றத்தில் தண்ணீருக்குள் போய்விடும். அந்த இடத்தில் நீந்த வேண்டாம். தெற்கே காவ் தகியாப் பக்கமோ, அதையும் தாண்டிச் சவுக்குத் தோப்பு இருக்கிற சுவான் சோன் பிரதிபத் கரையோ தேவலை.

மழைக்காலத்தில் ஜெல்லிமீன் உண்டு. பெட்டி ஜெல்லி என்கிற வகைதான் உயிருக்கு உலை. பொடியனுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போதும், பாதி பயம் போகும். கடையில் சாதா வெள்ளை வினிகர் ஒரு பாட்டில் வாங்கிப் பையில் வை. ‘நாம் சோம் சாய் சூ’ என்று கேள். பட்டுவிட்டால் குறைந்தது 30 விநாடி விடாமல் வினிகர் ஊற்று. தேய்க்காதே, மணல் போடாதே, நல்ல தண்ணீரும் ஊற்றாதே. வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கிற கொட்டு செல்கள் அதனால் வெடித்து விஷம் இன்னும் இறங்கும். மூச்சுத் திணறினால், மயங்கினால் 1669.

அறை எடுப்பதில் ஒரு சூட்சுமம். 10 நாளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதே. இரண்டு இரவு போட்டுவிட்டு, அங்கே போய் வாரக் கணக்கு பேசு. ஞாயிறு முதல் வியாழன் வரை ஊர் காலி; வெள்ளி மாலை பாங்காக் கார்கள் வந்து இறங்கும், விலை ஏறும். ஜூலை 28 மன்னர் பிறந்தநாள், ஆகஸ்ட் 12 அன்னையர் தினம், பெரும்பாலும் ஜூலையில் வருகிற ஆசாள்ஹ பூஜை என்கிற பௌத்தத் திருநாள், இவை வாரக் கடைசியோடு ஒட்டினால் சீசனே வந்த மாதிரி இருக்கும். விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்து வருகிற வேலை நாளை ஈடாக விடுவார்கள் என்பதையும் கணக்கில் வை.

ஓட்டல்களைப் பழுதுபார்க்க மரம் அறுப்பதும் ஓடு பெயர்ப்பதும் இந்த மாதங்களில்தான் நடக்கும். நீச்சல் குளம் திறந்திருக்கிறதா, கட்டடத்திலோ பக்கத்திலோ வேலை நடக்கிறதா, காலைச் சாப்பாடு உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேள். அறையைப் பார்த்தபின் சாவி வாங்கு. குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் உடனே அறையை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் புழங்காமல் கிடந்த அறையில் தரைக் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், நாற்றத்துக்கு அடைப்பு இல்லாமல் போகும். இரண்டு குவளை தண்ணீர் ஊற்று, கொஞ்ச நேரத்தில் அடங்கும். சுவரிலிருந்தோ மெத்தையிலிருந்தோ பூஞ்சை வாடை வந்தால் மட்டும் மாற்று, அதற்கு மருந்து இல்லை. முதல் தடவை குளிக்கும் முன் சுடுதண்ணீர்க் குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு வெளியே நில். குழாயில் தேங்கிய தண்ணீர் போய்விடட்டும்.

போகிற வழி மாறியிருக்கிறது. ஜனவரி 2023 முதல் தெற்கே போகிற தொலைதூர ரயில்கள் பாங்காக்கின் பழைய நிலையமான ஹுவா லம்போங்கிலிருந்து இல்லை, க்ருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய குறிப்பைப் பார்த்து அங்கே போனால் ரயிலை விடுவீர்கள். டிசம்பர் 2023 முதல் ஹுவா ஹின்னில் இறங்குவதும் உயரத்தில் கட்டிய புது நிலையத்தில்தான். மாப்பிள்ளைக்குப் பிடித்த அந்தச் சிவப்பு வெள்ளை மர நிலையம் கீழே பக்கத்திலேயே அப்படியே இருக்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நேர்ப் பேருந்தும் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். கிளம்புவதற்கு முன் மின்னணு வருகை அட்டையை நிரப்பு. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் போலி.

ஊருக்குள் வழி தேட ஒரு கணக்கு: பெட்கசேமில் ஒற்றைப்படை எண் சோய் கடல் பக்கம், இரட்டைப்படை மலைப் பக்கம். பச்சை சோங்தேவில் (பின்னால் பெஞ்சு போட்ட பகிர்வு வண்டி) ஏறினால் காவ் தகியாப் போகும். ஸ்கூட்டர் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். பன்னாட்டு உரிமத்தில் இருசக்கர வண்டிக்கு முத்திரை இல்லையென்றால், ஈரச் சாலையில் சறுக்கி விழுந்தால் காப்பீட்டுக்காரன் ஒரு காசு தரமாட்டான். தகியாப் கோவில் குரங்குகளிடம் பாலித்தீன் பையைக் காட்டாதே. கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி.

காவ் சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவில் பிரயா நக்கோன் குகைக்குப் போவதானால் காலையில் சீக்கிரம் கிளம்பு. மன்னர் சூலாலங்கோன் வருகைக்காக 1890இல் குகைக்குள் கட்டிய மண்டபத்தின் மேல் வெயில் விழுவது 10 மணியை ஒட்டித்தான். மேகம் மூடினால் அதுவும் இல்லை. கடல் கொந்தளித்தால் பாங் பூவிலிருந்து படகு விடமாட்டார்கள், மலைத்தோளைச் சுற்றி நடக்க வேண்டும். அதற்குப் பிறகு 430 மீட்டர் செங்குத்தான கல் ஏற்றம். முந்தின இரவு பெய்திருந்தால் கல் எண்ணெய் தடவினது போல் வழுக்கும். செருப்போடு போகாதே, பொடியனை விட்டுவிட்டுப் போ.

மாப்பிள்ளை கவுச்சி தொடமாட்டார் அல்லவா? வெறும் காய்கறிப் பொரியல் என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும், கீரையில் இறால் விழுது இருக்கும். ‘மாய் சாய் நாம் பிளா, மாய் சாய் கபி’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட, மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் ‘ஜே’ என்று எழுதிய கடை நிச்சயம். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது.

என்ன சொன்னாலும் அக்டோபரில்தான் லீவு கிடைக்கும் என்றால், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து ஒன்பது நாள் சைவ விரதத்தை ஒட்டித் தேதி வை. அது பெரும்பாலும் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். அந்த நாட்களில் மஞ்சள் கொடி தெருவுக்குத் தெரு பறக்கும், மாப்பிள்ளை பட்டினி கிடக்கமாட்டார். திரும்பும்போது பாங்காக்கில் இறங்கினால் சீலோம் மாரியம்மன் கோவிலில் விஜயதசமி ராத்திரி சாமி புறப்பாடு. அன்று சாயங்காலத்திலிருந்தே சாலையை அடைத்துவிடுவார்கள், டாக்சியை நம்பாமல் ரயிலில் போ.

தேதி முடிவானதும் எழுது.

அப்பா