பாட்டை நீக்கும் முன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்

இசைத் தளங்களின் நிர்வாகிகளுக்கும், எங்கள் பாடல்களை அங்கே ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் இண்டி பாப் குழுவில் இரண்டே பேர். தோழி எழுதிப் பாடுகிறாள், நான் மெட்டமைத்துக் கணினியில் கோர்க்கிறேன். எங்கள் பாட்டு ஒன்று அண்மையில் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கப்பட்டதும், காரணம் ‘செயற்கை ஸ்ட்ரீமிங்’ (போலியாகக் கேட்கவைத்து எண்ணிக்கையை ஏற்றுவது) என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்ததும் உங்கள் பதிவுகளிலேயே இருக்கும். முன்பின் தெரியாத யாரோ தன் பிளேலிஸ்டில் எங்கள் பாட்டைச் சேர்த்து, போலிக் கணக்குகளை ஓடவிட்டிருக்கிறார். தங்கள் பட்டியல் நிஜம்போலத் தெரிவதற்காக, கேட்காமலே சின்னக் கலைஞர்களின் பாட்டை இடையில் செருகுவது இவர்களின் வழக்கம். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டு போனதைவிடப் பெரிய வேதனை வேறு. இருவர் மட்டும் உள்ள குழுவில், காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கியதாகக் குற்றம் சாட்டினால், ‘நான் வாங்கவில்லை’ என்று சொல்லும்போதே விரல் அடுத்தவரை நோக்கித்தான் போகும். “நீ ஏதாவது விளம்பரக்காரனுக்குப் பணம் கட்டினாயா?” என்று அவள் கேட்டாள். அதே கேள்வியைக் கேட்கத்தான் நானும் வாயெடுத்தேன். அதற்கப்புறம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வரி எழுத முடியவில்லை. நீங்கள் ஆதாரத்தைக் காட்டியிருந்தால், எந்தப் பட்டியல், எந்த நாள் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட இந்தப் பேச்சே வந்திருக்காது. மேல்முறையீடு செய்தோம், முதலில் வந்த அதே இரண்டு வரிதான் திரும்பவும் வந்தது.

எனவே கேட்பது இதுதான். நீக்கும் முன் ஒரு மனிதர் எங்களைக் கேட்கட்டும், ஆதாரத்தைக் காட்டட்டும்.

அறையில் உட்கார்ந்து பாட்டுச் செய்த இருவர் உலகப் புகழ் பெற்ற கதை என்றால் உங்களுக்குக் கொள்ளைப் பிரியம். லண்டனின் ‘ஓ வொண்டர்’ இணை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு பாட்டாக ஓராண்டு வெளியிட்டுத்தான் வளர்ந்தது. நான்காவது மாதப் பாட்டை யாராவது இப்படித் தூக்கியிருந்தால் அடுத்த மாதம் கேட்க யார் வந்திருப்பார்கள்? பெயர் வந்த பிறகும் பணம் வந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ‘பாம்ப்லமூஸ்’ இணை 2014-இல் 24 கச்சேரிகள் கொண்ட சுற்றுப்பயணம் போய் 11,819 டாலர் நஷ்டப்பட்டதைக் கணக்கோடு வெளியிட்டது. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது என்கிறது. சரி, குறைவாகக் கேட்டால் காசில்லை. திடீரென்று அதிகமாகக் கேட்டால் பாட்டே இல்லை. எத்தனை பேர் கேட்டால் உங்களுக்கு வசதி என்று சொல்லிவிட்டால், கேட்பவர்களிடம் அளவாகக் கேட்கச் சொல்லிவிடுகிறோம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மோசடியைப் பிடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ராயல்டி பொதுப் பணத்தொகுப்பிலிருந்து பிரிக்கப்படுவதால், போலி ஸ்ட்ரீம் எங்கள் பங்கையும்தான் தின்கிறது. ஆனால் போலி ஸ்ட்ரீம் கண்ட பாட்டுக்கு இவ்வளவு என்று தளங்கள் விநியோகஸ்தருக்கு அபராதம் வைத்தால், விசாரிப்பதைவிட நீக்கிவிடுவதே அவருக்கு மலிவு. அந்த மலிவுக்கு விலை கொடுப்பது நாங்கள்.

சந்தேகப்படும் ஸ்ட்ரீம்களை மட்டும் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டு, பாட்டை அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணில் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாள எண்) மீண்டும் ஏற்றித் தாருங்கள். இனி எந்தப் பாட்டை நீக்குவதானாலும் அதற்கு முன் ஒரு மனிதர் கேட்கட்டும், ஆதாரத்தைக் காட்டட்டும். பதில் எழுதுபவர் தன் பெயரையும் போட்டு எழுதினால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
இருவரில் ஒருவன்