கண்ணுக்குள் நாடாப்புழு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகளுக்கு ஒரு கண் வீங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்வலிதான் என்று சொட்டு மருந்து விட்டே பத்து நாளைக் கடத்திவிட்டோம். ஸ்கேன் எடுத்தால், கண்ணை அசைக்கும் தசைக்குள் பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி! "நாங்க பன்றிக்கறியே தொட்டதில்லையே" என்று அக்கா அழுதார்.

சரியாக வேகாத கறியால் குடலில்தான் புழு வளரும். கண்ணுக்கும் மூளைக்கும் போவது அதன் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக யார் வாய்க்குள்ளும் போகலாம். சைவக்காரர்களும் தப்ப முடியாது.

கண்ணில் கட்டி என்றால் தயவுசெய்து நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். விழிக்குள் புழு இருந்தால், மருந்தில் அது சாகும்போது வரும் அழற்சியே பார்வையைப் பறித்துவிடலாம். அங்கே அறுவை சிகிச்சைதான் வழி. பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரை வேறு விஷயம், அதை விடாமல் போடட்டும்.

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலையிடங்களில் கழிப்பறையும் கைகழுவத் தண்ணீரும், சேலம் உழவர் சந்தைகளில் கீரை அலச நல்ல தண்ணீர்க் குழாயும் இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகம் நேரில் பார்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்