தத்தனேரியிலிருந்து கோட்டை வரை

செல்லூர், மதுரை.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அண்ணியாரின் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகிவிட்டன. என் மைத்துனர் காலமானதால் உடனே பதில் எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 18, தமிழ்நாடு நாளன்று உங்கள் பேத்தி கல்லூரியில், தமிழ்நாடு என்ற பெயருக்காக உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட தியாகி சங்கரலிங்கனாரைப் பற்றிப் பேசப் போகிறாள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதே கடிதத்தில், அவர் பட்டினி கிடந்தது எங்கள் விருதுநகரில், மதுரை கொடுத்ததெல்லாம் அவர் உயிர் பிரிய ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் ஊரின் பெருமையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. எனினும் இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரை கொடுத்தது கட்டில் மட்டுமன்று. அவர் உடலைப் பெற்றுக்கொள்ள ஒரு பெண்ணையும் கொடுத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணையே சட்டமன்றத்துக்கும் அனுப்பியது. கே.பி. ஜானகியம்மாளைத்தான் சொல்கிறேன். உங்கள் பேத்தியின் பேச்சில் அவருக்கு இடமில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1956 ஜூலை 27 அன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து உண்ணாநோன்பைத் தொடங்கிய காந்தியவாதி சங்கரலிங்கனார், இரண்டரை மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து, அக்டோபர் 13 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் கண்மூடினார். வாழ்நாளெல்லாம் காங்கிரசில் ஊறிய மனிதர், தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார் என்றால், அந்தக் கடைசி நாட்களில் அவர் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! அவர் விருப்பப்படியே கம்யூனிஸ்ட் தலைவர்கள் கே.டி.கே. தங்கமணியும் ஜானகியம்மாளும் உடலைப் பெற்று, தத்தனேரி மயானத்தில் இறுதிக் கடமைகளைச் செய்தார்கள்.

மைத்துனருக்குக் காடாற்ற அதே தத்தனேரிக்குத்தான் போன வாரம் போயிருந்தேன். சாம்பலில் பால் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கி மண்கலயத்தில் இட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் திண்டுக்கல் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை மந்திரம் சொல்பவர் நிறுத்தியிருந்தார். அந்த இடைவெளியில் எனக்கு உங்கள் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை என்று இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெண்களை வாசலோடு நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தோம். 1956-இல் ஒரு பெண் இன்னொரு குடும்பத்துப் பெரியவரின் உடலுக்குப் பொறுப்பேற்றார் என்பதன் கனம் அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஜானகியம்மாள் அரசியலுக்கு வந்த வழியும் சாதாரண வழியன்று. 1917-இல் பிறந்து, இளமையிலேயே தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுக் கற்றுக்கொள்ள நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மாதம் இருபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கி கதாநாயகர்களான ராஜபார்ட்டுகளுக்கு ஈடு கொடுக்கும் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக, உயர்ந்தவர். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேத்திக்குச் சொல்லுங்கள். அதில் ஒத்திகை கிடையாது. ஒரு ஊரிலிருந்து முருகன் வருவார், இன்னொரு ஊரிலிருந்து வள்ளி வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து, விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். எதிராளி எந்தப் பக்கமாக மடக்குவார் என்று தெரியாது. பாட்டிலோ வசனத்திலோ அந்தக் கணத்திலேயே பதில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் கூட்டம் விடாது. என் தகப்பனார் கோயில் கொடைகளுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய அந்தத் தர்க்கங்களை நினைக்கும்போது, பிற்காலத்தில் மேடையேறிப் பேசவும் அவையில் எழுந்து பேசவும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அவருக்குக் கிடைத்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. என் மனத்தில் மிக உயர்ந்து நிற்பது அதுதான். விடுதலைப் பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறை சென்ற நாடக நடிகர் விஸ்வநாததாஸ், முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் மறுத்தார்கள். அவர் முருகனாக நின்ற மேடையில் வள்ளியாக வந்து நின்றவர் ஜானகியம்மாள். கட்சி என்று ஒன்றில் அவர் சேருவதற்கு முன்பே அவருடைய அரசியல் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான். 1936 வாக்கில் காங்கிரசிலும், அங்கிருந்து காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடும், 1940-இல் கம்யூனிஸ்ட் கட்சியிலும் அவர் சேர்ந்ததெல்லாம் அதே பாதையின் தொடர்ச்சி. போர் எதிர்ப்புப் பேச்சுக்காகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகிச் சிறைப்பட்டார். கணவர் குருசாமியும் ஆர்மோனியக் கலைஞர். இயக்கத்திலும் கூடவே நின்றவர். மேடையில் சம்பாதித்ததையெல்லாம் இருவரும் இயக்கத்துக்கே கொடுத்துத் தீர்த்தார்கள். மதுரைக்கு மேற்கே வைகைக்கரையில் இருக்கும் துவரிமானில் குத்தகை விவசாயிகளின் நிலத்துக்காக அவர் நின்று போராடினார்.

1967 தேர்தலில் மதுரையின் தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். தி.மு.க. கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்கு நாடாளுமன்றத் தொகுதியில் பி. ராமமூர்த்தி, மதுரை மேற்கில் என். சங்கரய்யா, மதுரை கிழக்கில் ஜானகியம்மாள் என்று மூன்று வெற்றிகள் ஒரே ஊரில் கிடைத்தன. அந்த ஆண்டு ஜூலை 18 அன்று, புனித ஜார்ஜ் கோட்டையில் கூடிய சட்டமன்றத்தில், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலமைச்சர் அண்ணா "தமிழ்நாடு" என்று மும்முறை முழங்க, உறுப்பினர்கள் "வாழ்க" என்று மும்முறை முழங்கினார்கள். அந்த உறுப்பினர்களில் மதுரை கிழக்கின் ஜானகியம்மாளும் ஒருவர். பெயர் நடைமுறைக்கு வர 1969 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு. அந்தப் பெயருக்காக உயிர்விட்டவரின் உடலைக் கையேந்தி வாங்கியவருக்கு, அந்தப் பெயருக்கான தீர்மானம் நிறைவேறும் அவையில் இடம் கிடைத்தது. நம் சட்டமன்ற வரலாற்றில் வேறு எந்த உறுப்பினருக்கும் இப்படியொரு பேறு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1971 தொடக்கத்திலேயே அவை கலைக்கப்பட்டதால் அவருடைய பதவிக்காலம் நான்கு ஆண்டுகளோடு முடிந்தது. மறுபடி அவர் சட்டமன்றம் செல்லவில்லை. ஒரு முறை மட்டும் உறுப்பினராக இருந்தவர் என்று ஒற்றை வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எத்தனை முறை வென்றார், எந்த இலாகா கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தே அரசியல்வாதியை அளக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதவிக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1970-களில் கட்சித் தோழர் பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டி, அதன் தலைமையில் இருந்தார். 1992-இல் மறையும்வரை ஊரார் வாயில் அவர் 'அம்மா'தான். மதுரை கிழக்கிலிருந்து பின்னாளில் சங்கரய்யாவும், 2001-லும் 2006-லும் அதே கட்சியின் நன்மாறனும் சட்டமன்றத்துக்குச் சென்றார்கள். வாடகை வீட்டில் வாழ்ந்து மறைந்த நன்மாறனைக் கொண்டாடிய இந்த ஊர், அந்த இருக்கையில் அவருக்கு முன் இருந்த அம்மாவை இன்னும் கொஞ்சம் நினைத்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் போகும்போது நாடக நடிகர் சங்கத்தில் விசாரித்து, ஜானகியம்மாளின் மேடைக் காலத்துப் படம் ஏதும் கிடைத்தால் படியெடுத்து அனுப்புகிறேன். பேத்தி அதைக் கூட்டத்தில் காட்டலாம். பேச்சு எழுதி முடித்ததும் ஒரு படி எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஆடி பிறந்ததும் நானே விருதுநகர் வரலாமென்று இருக்கிறேன். சங்கரலிங்கனார் பட்டினி கிடந்த இடத்தை நீங்கள் காட்டுங்கள். அடுத்த முறை நீங்கள் இங்கே வரும்போது தத்தனேரிக்கு உங்களை நான் அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் செல்லூர் நண்பன்