நாலடித் தண்ணீரும் ஒரு டோலக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்தக் கடிதம் ஒரு வருஷத்துக்கு மேல் தாமதம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டுக்குள் நாலடித் தண்ணீர் வந்தது. பள்ளிக்கரணைப் பக்கம், கீழ்த்தளம். கை கொடுத்தவர்களுக்கு அந்த வாரமே நாலு வரி எழுதியிருக்க வேண்டும். முதலில் சேறு கழுவும் வேலை, அப்புறம் வாத்தியங்களைத் தேற்றும் வேலை, அதற்கப்புறம் வெறும் சோம்பல். 2024 டிசம்பர் 15 அன்று தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார் என்று செய்தி வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து என் கையில் சேர்ந்ததில் பாதி, அவரைக் கேட்டுக் கேட்டுத் திருடியது. அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து, போடவே இல்லை. மற்றவர்கள் விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நஷ்டக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மிருதங்கம் ஒன்று, கையில் பிடித்துத் தட்டும் கஞ்சிரா இரண்டு, பறை ஒன்று, கஹோன் என்கிற பெரு நாட்டுப் பெட்டி ஒன்று, பல்லிடுக்கில் வைத்து மீட்டும் மோர்சிங் மூன்று, பீரோவின் அடித்தட்டில் இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த கேசட்டுகளும் சீடிக்களும். கஹோன் ஒட்டுப்பலகையில் செய்தது. ஊறி உப்பி, பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. பறையின் தோல் ஈரத்துணியாகத் தொங்கியது. கஞ்சிராவுக்குத் தண்ணீர் பழக்கம்தான். தோலின் உட்புறம் நாலு சொட்டுத் தெளித்துத்தான் சுருதியை இறக்குவோம். பறைக்கு நேர் எதிர், நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். ஆனால் நாலு சொட்டு வேறு, நாலடி வேறு. தாள வாத்தியக் கலைஞர் த்ரிலோக் குர்த்து மேடையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி உலோகத் தட்டை அதில் முக்கி எடுப்பார். ஒலி வளைந்து உள்ளே இறங்கும். அதைப் பார்த்து நானும் ஒரு வாளி வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு வீடே வாளியாகிவிட்டது.

கடம் மட்டும் பிழைத்தது. மாடி வீட்டில் ராத்திரி தங்கிவிட்டு, விடிந்ததும் படிக்கட்டின் கடைசிக்கு இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். கூடத்தின் நடுவே தோசைக்கல் நிறத் தண்ணீர். அதில் மானாமதுரைக் கடம் வாயை மேலே வைத்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் அசையும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் போய் முட்டும். டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக். இரண்டு அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பின்னால் நின்ற என் மனைவி, "இங்கேயும் தாளமா?" என்றாள்.

மாடி வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. மூன்று நாள், ஏழு பேர், ஒரே சிலிண்டர். அவர் வைத்த ரசத்துக்கு ஈடாக நான் வாசித்தது எதுவும் நிற்காது.

அடுத்த நன்றி, படகு கொண்டுவந்த மீனவத் தம்பிகளுக்கு. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, சர்க்கரை. இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். பணம் நீட்டினேன். "ஆயாவப் பாரு சார்" என்று துடுப்பை எடுத்துவிட்டார்கள். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் முதல் வாத்தியார் அம்மாதான். தாலாட்டில் "ஆராரோ" என்கிற இடத்தை அவர் இழுக்கிற நீளத்துக்கு எந்தத் தாளக் கணக்கும் இன்றுவரை எனக்குப் பொருந்தி வந்ததில்லை. அந்த நாற்காலியில் போனது யார் என்று அந்தத் தம்பிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மிருதங்கம் செய்யும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பலாக்கட்டை வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். அவரே பஸ் ஏறி வந்து, வார்களைத் தளர்த்தி, இரண்டு பக்கத் தோல் மூட்டுகளையும் கழற்றி, வெறுங்கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார். இரண்டரை மாதம் நிழலில் கிடந்தது. அப்புறம் புது மூட்டு, புது எருமைத்தோல் வார். வலந்தலை என்கிற வலது பக்கத்துக் கறுப்பு வட்டமான கரணைக்குச் சோறும் கல்பொடியும் சேர்த்துக் குழைத்து, ஒரு பூச்சு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காது வைத்துக் கேட்டு, மறுபடி ஒரு பூச்சு. ஒரு முழு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பூச்சுக்குப் பூச்சு அந்த நாதம் கண் திறப்பது போல இருந்தது. தோலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கச்சேரி நோட்டீஸில் பக்கவாத்தியக்காரன் பெயர் சின்ன எழுத்தில் வரும். வாத்தியம் செய்தவர் பெயர் வரவே வராது. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் இங்கேயும் வரவில்லை.

மிருதங்கத்தை ஆறு வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டு, பத்தாம் வகுப்பில் விட்டவன் நான். அப்பாவின் டேப் ரிக்கார்டர்தான் என்னை வேறு பக்கம் இழுத்தது. அவரிடம் இரண்டு கேசட்டுகள் தேயத் தேய ஓடும். ஒன்று அன்னக்கிளி. இன்னொன்று கிடாரில் ஜான் மெக்லாஃப்ளின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் எல்லோரும் சேர்ந்த சக்தி குழுவின் முதல் ஆல்பம். இரண்டுமே 1976இல் வெளிவந்தவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு பக்கம் பண்ணைப்புரத்து மெட்டு சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் நுழைகிறது. இன்னொரு பக்கம் கச்சேரியில் கடைசி வரிசையில் உட்காரும் கடம் கிடாருக்குச் சமமாக முன்னால் வருகிறது. இதெல்லாம் புரிகிற வயதா அது? சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டு விக்கு சாரோடு சேர்ந்து தட்டினேன், அவ்வளவுதான். வெள்ளம் வடிந்து இரண்டு மாதத்தில், 2024 பிப்ரவரியில், சக்தியின் ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. கஞ்சிரா வாசித்தவர் விக்கு சாரின் மகன் செல்வகணேஷ். என் வீட்டில் அன்று கஞ்சிரா இல்லை. மறுபடி தட்டைத்தான் எடுத்தேன்.

கஞ்சிரா என்றால் எனக்கு ஜி. ஹரிசங்கர். ஒற்றைக் கையால் அவர் எழுப்பும் கும்காரம் என்கிற ஆழ்ந்த ஒலியைக் கேட்டால் கீழே எங்கோ இன்னொரு வாத்தியம் ஒளிந்திருக்கிறதோ என்று தோன்றும். 2002இல் போய்விட்டார். நேரில் கேட்கும் பாக்கியம் ஒரே ஒரு தடவைதான். அவர் காலத்துக் கஞ்சிராக்கள் உடும்புத் தோல். உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் என்னுடையவை ஆட்டுத்தோல். நாதம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் உடும்புக்கு நல்லது.

இப்போது தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரைப் பக்கத்து ஆசான் ஒருவரிடம் பறை கற்றுக்கொள்ளப் போனபோது எனக்கு முப்பது வயது. மிருதங்கக் கை இருக்கிறதே என்று கொஞ்சம் தலைக்கனம். அவர் குச்சியையே தரவில்லை. முதல் வாரம் முழுக்கக் காலடிதான். "கால் ஆடாம கை அடிச்சா அது தகர டப்பா தம்பி" என்பார். அப்புறம் வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான சிம்புக்குச்சி. சிம்புக்குச்சி தோலில் படும் சத்தம்தான் பாட்டின் மூச்சு என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. எங்கள் ஃப்யூஷன் குழுவில் இன்று நீங்கள் கேட்டுக் கைதட்டும் முக்கால்வாசி அந்தத் திண்ணையில் கிடைத்தது.

சில வருஷம் முன்பு ஒரு விழாவுக்கு அவரையும் அவர் பிள்ளைகளையும் எங்களோடு அழைத்துப் போனேன். விழா நடத்தியவர்கள் எங்களுக்கு மேடை நடுவில் இடமும் ஆளுக்கொரு மைக்கும் கொடுத்தார்கள். ஆசானைப் பின்னால், திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "பறைக்கு எதுக்கு மைக், அதுவே சத்தம்" என்றார் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த விழா வாய்ப்பு போய்விடுமோ என்று பயம். நாட்டுப்புற இசையை எடுத்து நாங்கள் செய்வதற்கு ஃப்யூஷன் என்று பெயர். அன்று மேடையில் நடந்ததற்கு என்ன பெயர் என்று நானே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆசான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசித்தார், சாப்பிட்டார், ஊருக்குப் போய்விட்டார்.

வெள்ளச் செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்து சேர்ந்த வாத்தியம் அவர் அனுப்பியதுதான். ஆம்னி பஸ் பார்சலில், பழைய வேட்டியில் சுற்றிய பறை. கோயம்பேட்டில் போய் வாங்கினேன். பிரித்தால் உள்ளே இரண்டு குச்சியும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. காய்ச்சுவதற்குச் சென்னையில் தீப்பெட்டி கிடைக்காது என்று நினைத்தாரோ என்னவோ. ஆசான், அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும். மன்னிப்பை உங்கள் திண்ணையில் கேட்டேன், நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். இங்கே எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

2025 குடியரசு தினத்தை ஒட்டிப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள் இல்லையா, அன்று சந்தோஷம் தாங்காமல் எங்கள் ஆசானைக் கூப்பிட்டேன். பின்னால் அடி பலமாகக் கேட்டது. "எழவு வீட்ல நிக்கிறேன் தம்பி, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.

குழுவில் இருக்கும் நாலு பேருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வாத்தியம் வாங்கப் பணம் திரட்ட, ஜனவரியில் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் நான் இல்லாமல் வாசித்தீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் குழுவை நான் கீழே பாயில் உட்கார்ந்து கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்து நடவுப்பாட்டு ஒன்று பாடுவோமே, அதை வழக்கமாகக் கடம், கஹோன், சலங்கை எல்லாம் போட்டு நிரப்பிவிடுவேன். அன்று பாடகி தங்கச்சி வெறும் வயலின் ஒன்றோடு பாடினாள். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குரல் ஒரு கணம் தாழ்ந்து நின்று எழுந்தது. நாற்றை ஊன்றிவிட்டு ஒரு எட்டு பின்னால் வைக்கிற நேரம் அது. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நான் ஒரு தீர்மானம், அதாவது முத்தாய்ப்பு அடி, வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் இருந்தது என்று நீங்கள் மரியாதைக்குச் சொல்வீர்கள். இல்லை.

அந்த ராத்திரி எனக்கு அஸீம் சக்ரவர்த்தி ஞாபகம் வந்தது. டெல்லியில் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழுவில் தபலா வாசித்தவர், அதோடு முன்னணியில் பாடியவர். 2000இல் வந்த காண்டிசா ஆல்பத்தை ஹாஸ்டலில் ஒரு மலையாளி நண்பன் போட்டுக் காட்டினான். தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேய மொழித் துதி. அதே ஆல்பத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கின் நாட்டுப்பாட்டும் இருக்கிறது. பேஸ் கிடார் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் இருந்தவர். நாட்டுப்பாட்டை எடுத்து ராக் போர்வை போர்த்துவது பலரும் செய்வதுதான். இவர்களிடம் பாட்டு முன்னால் போகும், வாத்தியங்கள் அதன் நடைக்குப் பின்னால் வரும். ஆற்றுப் பாட்டு ஆற்றின் வேகத்திலேயே போகும். அஸீம் எதையும் நிரப்ப மாட்டார். பாடுகிறவன் கைக்கு அந்த அளவு தானாகத் தெரியும் போல. 2009 டிசம்பர் 25 அன்று இறந்துவிட்டார். அவருக்கும் நான் கடிதம் போடவில்லை.

இப்போது ஒத்திகையில் நானும் முணுமுணுத்துப் பாடிக்கொண்டேதான் வாசிக்கிறேன். சுருதி சேராது, மைக் இல்லாததால் உங்களுக்கு ஆபத்தில்லை. நடவுப்பாட்டுக்கு ஆசான் அனுப்பிய பறையில் சிம்புக்குச்சி மட்டும்.

இன்னும் சிலருக்கு விரைவாக. நனைந்த சீடிக்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கணினியில் ஏற்றித் தந்த ஒலிப்பதிவுத் தம்பிக்கு. ராஜஸ்தானில் ஜெய்சல்மர் பக்கத்து மாங்கணியார் என்கிற நாட்டுப்புற இசைக்காரர்கள் வாசிக்கும் கர்தால் கட்டைகளை, "இதுல தோலே இல்ல, மழைக்குப் பயமில்ல" என்று சொல்லிக் கொடுத்த தோழிக்கு. கைக்கு இரண்டு மரத்துண்டு, அவ்வளவுதான் வாத்தியம். ஒரு வருஷமாகப் பழகியும் என்னிடம் கரண்டி விழுகிற சத்தம்தான் வருகிறது. பெயர் போடாமல் ஐந்நூறு, ஆயிரம் என்று அனுப்பிய எல்லோருக்கும். கணக்கு என்னிடம் இருக்கிறது. இரண்டு கஞ்சிரா, ஒரு கஹோன் வாங்கியது போக மிச்சத்தில் ஆசானின் பிள்ளைகளுக்கு நாலு மைக் வாங்கிக் கொடுத்தாயிற்று. கேட்காமல் செய்ததற்குக் கோபிக்க வேண்டாம்.

கடைசியாக ஒருவர். யாரென்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த ஆறாம் நாள் காலை எங்கள் கேட்டுக்கு உள்ளே, சேற்றில் படாமல் ஒரு செங்கல்லின் மேல் டோலக் ஒன்று இருந்தது. பழையது. கயிறு இழுத்துக் கட்டும் வகை, மாமரக்கட்டை, உத்தரப் பிரதேசத்து அம்ரோஹாவில் செய்கிற மாதிரி வேலைப்பாடு. இடது பக்கத் தோலின் உள்ளே, நாதத்துக்காகப் பூசும் மசாலா என்கிற பசை இறுகிப்போயிருந்தது. நிறைய வாசித்த கை பட்ட வாத்தியம் என்று விளிம்பைப் பார்த்தாலே தெரியும். சீட்டு, பெயர், எதுவும் இல்லை. தெருவில் எல்லோரையும் கேட்டேன். பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் இருந்த கொட்டகையிலும் தண்ணீர் புகுந்து, அவர்கள் அதற்கு முந்தின நாளே ரயிலேறிவிட்டதாகச் சொன்னார்கள். ராத்திரிகளில் அங்கிருந்து டோலக் சத்தம் கேட்கும். நான் மாடியிலிருந்து எதிர்த்தாளம் தட்டுவேன், அவர்கள் வேகத்தை ஏற்றுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அவர்களுடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியானால் இதைப் படிப்பவர்களில் யாராவது அவர்களுக்கு இந்தியில் சொல்லிவிடுங்கள்: கயிறு இரண்டு இடத்தில் நைந்திருந்தது, மாற்றிவிட்டேன். மசாலா புதிதாகப் போட்டாயிற்று. டோலக் அலமாரியின் மேல்தட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியானாலும் பரவாயில்லை, கேட்டைத் தட்டினால் போதும்.

நன்றியுடன்,
பள்ளிக்கரணைத் தாளக்காரன்
பிப்ரவரி 2025